பதினோரு நிமிடம் நின்ற பெட்டி

என்னைப் பினாங்கிலிருந்து கிளப்பியது ஒரு கணக்கு: பதினோரு நிமிடம்.

நான் நூலகத்தின் அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாலை நேரங்களில் கீபோர்டு வாசிப்பேன். வாசிப்பேன் என்பதைவிட, கீபோர்டைக் கணினியோடு கட்டிவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்வது சரியாக இருக்கும். மேடைக் கச்சேரிக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாவற்றையும் கணினிக்குள் ஏற்றி வைத்துக்கொண்டால், கீபோர்டில் விரல் வைக்கும்போது பாட்டுக்குப் பாட்டு வேறு வாத்தியம் கேட்கும். அதைப் பயன்படுத்தும் தமிழர்கள் ஈப்போவிலும் யாழ்ப்பாணத்திலும் சிவகாசியிலும் இருக்கிறோம். எங்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. எந்த மேடையில் என்ன கோளாறு நடந்தது என்று அவரவர் எழுத, நான் அதை நாள், கிழமை, இடம், நின்ற நேரம் என்று கட்டம் போட்டுத் தொகுத்து வைப்பேன். யாரும் என்னைத் தொகுக்கச் சொல்லவில்லை.

'நின்ற நேரம்' என்ற பத்தியில் எல்லாமே விநாடிக் கணக்கு. நான்கு விநாடி. ஒன்பது விநாடி. கிள்ளானில் ஒரு கோயில் மேடையில் நாற்பது விநாடி நின்றதற்கு அந்த மனிதர் மூன்று பத்தி புலம்பியிருந்தார். சிவகாசியிலிருந்து ஜெபராணி என்ற பெண் மட்டும் சாத்தூர்க் கச்சேரியைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தாள்: 'நின்றது. பதினோரு நிமிடம்.'

எந்தக் கணினியும் பதினோரு நிமிடம் நிற்காது. சில விநாடியில் எழுந்துவிடும், இல்லாவிட்டால் ஒரேயடியாகப் படுத்துவிடும். விளக்கம் கேட்டு எழுதினேன். 'நேரில் வந்தால் சொல்கிறேன் அக்கா' என்று பதில் வந்தது. பினாங்கில் எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தினசரி நாள்காட்டி சிவகாசியில்தான் அச்சாகிறது. மெய்ப்புப் பார்க்க ஒருவர் போகவேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, தலைவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கியிருந்தேன்.

இனி வருவது நான்கு நாள் கதை. இதில் ஒரு கல்யாண வீடு வருகிறது. அவர்கள் தங்களை அடையாளம் காட்ட வேண்டாம் என்றதால் தேதிகளை விட்டுக் கிழமைகளை மட்டும் வைத்திருக்கிறேன். மாதம் வைகாசி. தேதி இல்லாமல் எழுதுவது எனக்கு உப்பில்லாமல் சாப்பிடுவது போல இருக்கிறது. பொறுத்துக்கொள்கிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்

விருதுநகரில் இறங்கியதும் பரோட்டாக் கடைக்குத்தான் போனேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் தட்டில் துணி மாதிரி மடங்கிக் கிடக்கும். இங்கே எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தட்டில் போட்டால் சத்தம் கேட்கிறது. நான் அதன் ஓரத்தை நாகரிகமாகப் பிய்க்கப் பார்த்தேன். வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சால்னா வாளியை நோக்கிக் கையைக் காட்டினேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தாங்கமாட்டாமல் சொன்னார்: "ஒடைக்காம ஊத்துனா அது குளிக்குமே ஒளிய ஊறாதும்மா. ரெண்டு கையாலயும் நொறுக்குங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

நொறுக்கினேன். அப்பளம் உடைவது போல உடைந்தது. சால்னா இறங்கியது. அடுத்த பத்து நிமிடத்துக்கு என் குறிப்பேட்டில் எதுவும் இல்லை.

"எங்கன இருந்து வாறீக?" என்றார் பெரியவர்.

"மலேசியா."

"காலண்டரா, வெடியா?"

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும் போலிருக்கிறது. காலண்டர் பாதி, கம்ப்யூட்டர் பாதி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டரையும் இப்ப அங்கன அச்சடிக்காகளா?" என்றார். அவர் கேலி செய்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதன்

காலையில் சிவகாசிக்குப் போக, கைகாட்டிய இடத்தில் நின்ற ஒரு மினிபஸ்ஸில் ஏறினேன். உள்ளே எல்லாரும் பெண்கள். எல்லார் மடியிலும் தூக்குச்சட்டி. நான் ஏறியதும் பேச்சு நின்றது. பிறகு நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பினாங்கில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்கு பேசும் வீடு என்பதால் எனக்கு அந்த மொழி ஓரளவு புரியும். பின் இருக்கையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் தெலுங்கில் சொன்னாள்: "பார்த்தால் டீச்சர் மாதிரி இருக்கிறாள். இந்த வயதில் வெடி சுற்ற வந்திருக்கிறாளே, வீட்டில் என்ன கஷ்டமோ."

அது மினிபஸ் இல்லை. பட்டாசுக் கம்பெனியின் வேன்.

"புதுசா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "எந்த ரூம்?"

நான் ரூம் எல்லாம் எதுவும் இல்லை, சிவகாசிக்குப் போகவேண்டும் என்றேன். வேன் முழுக்கச் சிரித்தது. "நல்லதாப் போச்சு. எங்க ரூமுல நாலு பேரு இருக்கோம். அதுக்கு மேல ஒரு ஆளு கூட உள்ள இருக்கக் கூடாது. நீங்க வந்தா நான்ல வெளிய போகணும்" என்றாள் அவள். இன்னொருத்தி என் சேலையின் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இது நூல் சேலை இல்லை. இதைக் கட்டிட்டு வந்தா வாட்ச்மேன் கேட்டுலயே நிப்பாட்டிருவாரு. ஒரு பொறி போதும்லா?" நாற்பது வயதுப் பெண்கள் என்னை இறக்கிவிடுவதா, வேலைக்குச் சேர்த்துவிடுவதா என்று ஆமத்தூர் வரைக்கும் விவாதித்தார்கள். கடைசியில் இறக்கிவிடும் கட்சி வென்றது. இறங்கும்போது ஒருத்தி அரைக் கொய்யாப்பழம் கொடுத்தாள்.

ஆமத்தூர் விலக்கில் நின்று ஜெபராணிக்குப் போன் செய்தேன். என்னைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்தவன் பாலு. முப்பது வயது இருக்கும். எங்கள் நாள்காட்டி அச்சாகும் அச்சகத்தில் பைண்டிங் பிரிவு. சாயங்காலமானால் ஜெபராணி வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் தாளம். அவள் சொல்லித்தான் நாங்கள் அந்த அச்சகத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம்.

மெய்ப்பில் நான் ஐந்து பிழை கண்டேன். நான்கைத் திருத்தினார்கள். ஐந்தாவதில் பாலு சண்டைக்கு வந்தான்.

"ராகு காலத்தை மாத்தச் சொல்லுதீகளே அக்கா, அது உலகத்துக்கே ஒண்ணுதான?"

"எங்கள் ஊரில் சூரியனே ஏழு மணிக்கு மேல்தான் எழுந்திருக்கும்."

"அம்புட்டு நேரம் தூங்குற சூரியனா?" என்றான். பிறகு திருத்தினான்.

சாயங்காலம் ஒத்திகை. முருகேசன் வீட்டு மாடியறை. முருகேசன் குழுவின் தலைவர், பாடகர், கணினியை வாங்கிப் போட்டவர். பகலில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். திருவிழாக்களுக்கு வாணவேடிக்கை விடுவதும் அவர்தான். நல்ல கனத்த குரல். பேசும்போது மட்டும் யாரையும் திடுக்கிட வைக்கக்கூடாது என்பது போல மெதுவாகப் பேசுவார். ஜெபராணி தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். டூட்டி முடிந்து உடுப்பு மாற்றாமல் நேராக வந்திருந்தாள்.

"வாங்கக்கா. நான் அந்த ஒத்தை வரியை எளுதுனதுக்கு நீங்க கடல் தாண்டி வந்துட்டீக" என்றாள்.

அவர்கள் கணினியை வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. உலகம் முழுவதும் இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் திரையில் பாட்டு வரிசையை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். இவர்கள் பாட்டு வரிசையைத் தினசரி காலண்டராகவே அடித்து, கணினிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். தேதி இருக்கும் இடத்தில் சிவப்பில் பெரிதாகப் பாட்டு எண். திதி, நட்சத்திரம் வரும் இடத்தில் சுருதியும் தாளமும். ராகு காலம் என்ற கட்டத்தில், அந்தப் பாட்டில் எந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்ற குறிப்பு. பாட்டு முடிந்ததும் ஜெபராணி தாளைக் கிழிப்பாள். அடுத்த எண் வரும். முதல் தாளில் மட்டும் பிள்ளையார்.

"காலண்டர்னா முத தாளு சாமிதான். கை தானா வச்சிருது" என்றான் பாலு.

"நான் அவரைக் கிளிக்க மாட்டேன். பின்னால மடக்கி வச்சுக்கிடுவேன்" என்றாள் ஜெபராணி. அவள் கழுத்தில் சின்னச் சிலுவை.

கணினியைத் திறந்து பார்த்தேன். எந்தப் பாட்டிலும் நான்கு வாத்தியத்துக்கு மேல் ஏற்றவில்லை. கணினிக்குச் சுமை ஏறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. எங்கள் குழுவில் ஆறு மாதம் வாதாடி நாங்கள் எட்டிய முடிவு அது. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? ஒரு ரூமுக்கு நாலு பேருதான்" என்றார் முருகேசன்.

பிறகு பதினோரு நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். அறையில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

"நின்னுச்சு. ஊரே கத்துச்சு" என்றார் முருகேசன். "சாத்தூருல என் பேரு அன்னைக்கோட போச்சு. வெள்ளிக்கிளமை விருதுநகர்ல ஒரு ரிசப்ஷன் ஒத்துக்கிட்டிருக்கேன். அங்கனயும் ஒரு தரம் நிக்கட்டும். சனிக்கிளமை இந்தக் கம்ப்யூட்டர்ப் பொட்டியை வித்துருவேன். ராஜபாளையத்துல ஒரு பெரியவரு இருக்காரு, சொந்தக் கீபோர்டோட வருவாரு. அதுல எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. நிக்கவும் செய்யாது, நம்மளைக் கேக்கவும் செய்யாது."

அந்தப் பெரியவர் வந்தால் ஜெபராணிக்கு மேடையில் இடம் இல்லை. அவள் கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

வாசல் வரை என்னோடு வந்தவள், செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சர்ச்சுல நான் ஞாயித்துக்கிளமை வாசிக்கேன் அக்கா. அது பொஸ்தகத்துல உள்ளது. இங்கனதான் வயலின் எங்க வரணும், குளல் எங்க நிக்கணும்னு நானே வைக்கேன். ரெண்டு வருசமா லீவு நாளெல்லாம் இதுக்குத்தான் போச்சு. முருகேசன் அண்ணனுக்குப் பொட்டி போனா வெறும் பொட்டிதான்."

வியாழன்

காலையில் தனியாகச் சாத்தூருக்குப் போனேன். சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்காமல் அட்டவணை போடுகிறவளுக்குத் தூக்கம் வராது. மேடை போட்டிருந்த இடத்தில் இப்போது வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆறு பிஞ்சு வாங்கி நான்கை அங்கேயே தின்றேன். எதிரே காராச்சேவுக் கடை. சேவு சட்டியில் இறங்கும்போதே வாங்கினால் காகிதம் வழியாக உள்ளங்கை சுடும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே கடைக்காரரிடம் கேட்டேன்: "இங்கே திருவிழாவில் ஒரு கச்சேரி நடந்ததே, எப்படி இருந்தது?"

"அதா? வெடிக்கலம்மா" என்றார்.

"என்ன வெடிக்கவில்லை?"

"பொட்டிதான். எம்புட்டு நேரம் காத்துக் கெடந்தோம். புஸ்வாணமாப் போச்சு."

எழுதிக்கொண்டேன். புரியவில்லை.

மதியம் ஒத்திகைக்கு முன் ஜெபராணியின் கணினியை வரிவரியாகச் சோதித்தேன். சாத்தூரில் நின்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு டூயட்டில் பெரிய வயலின் கூட்டம் ஒன்று வருகிறது. அந்த இடம் வரும்போதுதான் கணினி அதை உள்ளிருந்து இழுக்கப் போகிறது. இழுக்கும்போது மூச்சு வாங்குகிறது. ஏழெட்டு விநாடி, அவ்வளவுதான். கச்சேரி தொடங்கும் முன்பே அதை ஏற்றி வைக்கும்படி மாற்றிவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை.

விரல் அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் கணினி ஒரு சின்ன இடைவெளி எடுத்துக்கொள்ளும். இவர்கள் கணினியில் அந்த இடைவெளி வெட்கப்படும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. இதை எப்படி இத்தனை நாள் பொறுத்துக்கொண்டார்கள் என்று நினைத்து, ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். இப்போது தொட்டால் கேட்டது. எனக்கு நானே ஒரு வெள்ளரிப் பிஞ்சு பரிசளித்துக்கொண்டேன்.

ஒத்திகை தொடங்கியது. முருகேசன் வாயைத் திறப்பதற்குள் வயலின் வந்துவிட்டது. அவர் வயலினைப் பிடிக்க ஓடினார். பாலு அவரைப் பிடிக்க ஓடினான். ஜெபராணி இரண்டு பேரையும் விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டீகளா?" என்றான் பாலு அவளிடம்.

மறுபடி. மறுபடி. நான்காவது தடவை ஜெபராணி கையை எடுத்துவிட்டாள். "நான் அதே மாதிரிதான் வாசிக்கேன். ஆனா எல்லாம் முன்னால வருது" என்றாள். கண் கலங்கியிருந்தது. மறுநாள் கச்சேரி.

முருகேசன் என்னைப் பார்த்தார். "அக்கா, எதையாவது தொட்டீகளா?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாக விளக்கினார்: "தேரு முக்குத் திரும்பும்போது மேல வெடி பூக்கணும்னா, தேரு திரும்பும்போதா பத்த வைப்பேன்? திரி எரிஞ்சு போக நேரம் வேணுமா இல்லியா? முன்னாலயே வைக்கணும். இந்தப் பொட்டிக்கும் திரி இருக்கு. எம்புட்டு நீளம்னு அளந்து, ஒரு நூலு முன்னால கை வைன்னு தங்கச்சியை ரெண்டு வருசமாப் பளக்கி வச்சிருக்கேன்."

அவள் இரண்டு ஆண்டுகளாகத் தாளத்துக்கு ஒரு இழை முன்பாகவே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் பிசகாமல். இடைவெளியை நான் திருத்தியதும் அவளுடைய கச்சிதமே பிழையாகிவிட்டது. பழைய எண்ணைத் திரும்பப் போட்டேன். எல்லாம் சரியாக வந்து உட்கார்ந்தது. நாற்பது வீட்டுத் தெருவில் அன்று மாலைக்குள் எல்லாருக்கும் செய்தி தெரிந்துவிட்டது. "மலேசியா அக்கா எங்க திரியைக் கத்தரிச்சிட்டாக" என்று பாலு டீக்கடையில் சொல்லியிருந்தான்.

முருகேசன் போனில் பேச மாடிப்படி இறங்கிய நேரம், நான் ஜெபராணியிடம் சொன்னேன்: "சாத்தூரில் உன் கணினி எட்டு விநாடிக்கு மேல் நின்றிருக்க முடியாது. மீதிப் பத்து நிமிடச் சொச்சம் எங்கே போனது?"

பாலு சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். "வெடிக்காம நின்ன வெடிக்கிட்ட யாராவது போவாகளா அக்கா?"

நடந்தது இதுதான். டூயட்டின் நடுவே கணினி நின்றதும் முருகேசன் இரண்டு கையையும் விரித்திருக்கிறார். பட்டாசு வேலையில் பற்றவைத்தது வெடிக்காமல் நின்றால், கிட்டே போகக்கூடாது, ஆட்களை விலக்கி நிறுத்தவேண்டும். இருபது ஆண்டாக உடம்பில் ஊறிய பழக்கம். பாலுவையும் ஜெபராணியையும் மேடையிலிருந்து இறக்கியிருக்கிறார். முன்வரிசையைப் பின்னால் போகச் சொல்லியிருக்கிறார். அவர்களும் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்கிறவர்கள். ஏன் எதற்கு என்று கேட்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு விலகியிருக்கிறார்கள். மேடையில் கணினி மட்டும் தனியாக இருந்திருக்கிறது. அது எட்டாவது விநாடியிலேயே எழுந்து தயாராகக் காத்திருக்கும். தொடத்தான் ஆளில்லை.

மேலே வந்த முருகேசன் எங்கள் முகங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"வெடிக்காம நின்னதுக்கு எங்க கணக்கு பத்து நிமிசம். சனம் கூடுன இடம்னு ஒரு நிமிசம் நான் சேத்துப் போட்டேன்" என்றார், பதினோராவது நிமிடத்துக்கு மட்டும்தான் விளக்கம் தேவை என்பது போல.

"அது கம்ப்யூட்டர் அண்ணே. ஒரு பட்டனை அமுக்குனா போதும்னு கத்துனேன். கையை நீட்டி மறிச்சிட்டீக" என்றாள் ஜெபராணி.

"நின்னா விலகணும் தங்கச்சி. யோசிச்சுச் செய்யுறதில்லை அது. யோசிச்சவன் எல்லாம் இப்ப இல்லை."

"எங்க வார்டுல நின்னா ஓடிப்போய்த் தொடணும் அண்ணே. விலகுனா சோலி முடிஞ்சிரும்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. அந்த நேரம் பார்த்து முருகேசனின் மனைவி ஒரு தட்டு நிறையச் சீனிச்சேவு கொண்டுவந்து வைத்தார். எல்லாரும் அதில் கையை வைத்துக்கொண்டோம்.

வெள்ளி

காலையில் முப்பத்தொரு அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் எழுதினேன். வயர்கள், பாட்டு வரிசை, கணினியின் சூடு, திரையைத் தூங்கவிடாமல் வைப்பது, காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறதா என்பது வரை. அதில் கரண்டு இல்லை. பினாங்கில் கரண்டு போவது கிரகணம் மாதிரி, முன்கூட்டிச் செய்தியில் வரும்.

மண்டபம் விருதுநகரில். கல்யாணப் பெண்ணின் அப்பாவை எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேடைக்கு வந்து எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"பத்துப் பேரு ஆர்க்கெஸ்ட்ரான்னு சொன்னாக. மூணு பேரு நிக்கீக. மீதி ஏளு பேரு வேன்ல வாறாகளா?"

"இதுக்குள்ள இருக்காக அண்ணாச்சி" என்று முருகேசன் கணினியைக் காட்டினார்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "இம்புட்டுக்குள்ளயா? மூச்சு முட்டாது?" பிறகு நிமிர்ந்து, "நான் பத்து இலைக்குச் சொல்லிட்டேன்" என்றார் வருத்தமாக.

"அதைப் பத்திக் கவலைப்படாதீக" என்றான் பாலு. "ஏளு இலையும் வீணாப் போகாது."

தொடங்கினார்கள். பிள்ளையார் பின்னால் மடங்கினார். முதல் பாட்டு. கிழிந்தது தாள். இரண்டாவது. நான் மேடையின் ஓரத்தில் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேர் இல்லை, இருபது பேர் வாசிப்பது போல இருந்தது. சாத்தூரை மூழ்கடித்த டூயட் நான்காவது. வயலின் கூட்டம் வரவேண்டிய இடத்தில் வந்தது, ஜெபராணி ஒரு இழை முன்னால் கை வைக்க, முருகேசனின் குரல் முடியும் நுனியில் அது பூத்தது. மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் அண்ணாச்சி பக்கத்து ஆளிடம் விரலால் பத்து என்று காட்டினார்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் கரண்டு போனது.

ஜெனரேட்டர் உடனே பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தது, மைக் வந்தது. கணினி பாட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் கணினியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் சின்னப் பெட்டி அணைந்து எழுந்ததில், கணினி அதை மறந்துவிட்டது. ஜெபராணி பத்து விரலையும் அழுத்தினாள். ஒன்றும் இல்லை.

முருகேசனின் இடது கை தானாக விரிந்தது.

பாலு குச்சிகளோடு இரண்டு அடி பின்னால் போனான். முன்வரிசை நாற்காலிகள் சரசரவென்று பின்னுக்கு இழுபட்டன. இங்கேயும் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள். ஒரு மாமா பக்கத்துக் குழந்தையைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். அலங்கார நாற்காலியில் இருந்த கல்யாணப் பெண் கூடச் சேலையைச் சேர்த்துப் பிடித்தாள். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டும்: நானும் எழுந்து விலகினேன். அந்த ஊரில் மூன்று நாள் இருந்தால் உங்களுக்கும் வந்துவிடும்.

முருகேசன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மடக்க அவர் முயல்வது தெரிந்தது. கை கேட்கவில்லை. முகமெல்லாம் வேர்வை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏலே, அதே சாத்தூருப் பொட்டிதானலே?"

ஜெபராணி எழுந்தாள். தலையைக் குனிந்து அந்தக் கைக்குக் கீழே நுழைந்து, சின்னப் பெட்டியை நோக்கிப் போனாள். ஓடவில்லை. வார்டில் நடக்கும் வேக நடை. மண்டியிட்டு வயரைப் பிடுங்கினாள். உதடு அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. செருகினாள். திரையில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டாள். மண்டியிட்டபடியே எட்டி, கீபோர்டில் ஒரு விரல் வைத்தாள்.

புல்லாங்குழல் வந்தது.

வெடிக்கு விலகி நின்றவர்கள் புல்லாங்குழலைக் கேட்டால் என்ன செய்வார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு அண்ணாச்சி சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பின்னால் பரவி, சமையல்கட்டு வரைக்கும் போனது. நாற்காலிகள் திரும்ப முன்னுக்கு வந்தன, முன்பு இருந்ததைவிட ஒரு முழம் கூடவே. நான் சிரித்த சிரிப்பில் பட்டியல் மடியிலிருந்து விழுந்து யாரோ மிதித்துப் போனார்கள்.

ஆறாவது பாட்டுக்கு முன் மேடையில் இருப்பவர்களை அறிமுகம் செய்வது வழக்கமாம். முருகேசன் மைக்கில் பாலுவைச் சொன்னார். அடுத்து ஜெபராணியின் பெயரைச் சொன்னார். பாலு குச்சியைச் சுழற்றிக்கொண்டே, "சனிக்கிளமை யாரோ பொட்டியை வாங்க வாறாகளாமே அண்ணே?" என்றான், மைக்கில் கேட்கும்படி.

"எவன் வாறான்?" என்றார் முருகேசன். பிறகு சபையைப் பார்த்துத் தன் வழக்கமான மெதுவான குரலில் சொன்னார்: "பெரியவுக எல்லாம் மன்னிக்கணும். இந்தப் பொட்டி இன்னையில இருந்து தங்கச்சி பொறுப்பு. இனிமே எங்கனயாவது நின்னா, என் கையைப் பாக்காதீக. இவுக எந்தப் பக்கம் போறாகன்னு பாருங்க."

ஜெபராணி காலண்டரில் ஐந்தைக் கிழித்தாள். ஆறு வந்தது. விரல்களை வைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், அவர் மைக்கை விட்டு நான்கு அடி பின்னால் விலகி நிற்பதைப் பார்த்தாள்.

"அண்ணே, முன்னால வாங்க" என்றாள்.

அவர் வந்தார்.